தன் தலையில் தானே குட்டிக்கொண்ட டிரைவ்

தன் பெயரையே பிழை என்று அறிவித்துக்கொண்டு கண்விழிக்கும் இயந்திரத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கமோடோர் 1541 என்ற ஃப்ளாப்பி டிரைவ் அந்த ரகம். சுவிட்சைப் போட்ட கையோடு அதன் பிழைச் சேனலைத் திறந்து சேதி கேட்டால், ‘73, சிபிஎம் டாஸ் வி2.6 1541’ என்று பதில் வரும். 73 என்பது பிழை எண். பின்னால் வருவது அதன் பெயரும் பதிப்பும். டிஸ்க்கை இன்னும் போடவே இல்லை, ஒரு பைட்டைக்கூடப் படிக்கவில்லை. அதற்குள் முதல் பிழை நானேதான் என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது. அடிக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை.

1982-ல் அமெரிக்காவில் கமோடோர் 64 கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்தது இது. உலகத்திலேயே அதிகம் விற்ற ஒற்றை கம்ப்யூட்டர் மாடல் என்று 64-க்கு கின்னஸ் புத்தகத்தில் இடம் உண்டு. 1.25 கோடி விற்றது என்பார்கள், 1.7 கோடி என்றும் சொல்வார்கள். விற்ற கம்பெனியே சரியாகக் கணக்கு வைக்கவில்லை என்பதிலிருந்து அந்தக் கம்பெனியின் குணத்தை ஓரளவு ஊகிக்கலாம். கேசட்டில் பாட்டுக்குப் பதிலாக புரோகிராமைப் பதிவுசெய்து, அது ஏறும்வரை காத்திருந்து அலுத்துப்போனவர்கள், காசு சேர்த்து இந்தக் கனத்த பெட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்கள்.

இன்றைக்கும் பழைய கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்கள் கையில் ஒரு 1541 சிக்கினால், அது பெரும்பாலும் டிஸ்க்கைப் படிக்க மறுக்கும். ரிப்பேர் என்றால் எல்லா இயந்திரத்துக்கும் ஒரு வரிசை உண்டு: ஃபியூஸைப் பார், வயரைப் பார், அழுக்கைத் துடை, ஸ்க்ரூவைத் திருகு. இந்த டிரைவில் மட்டும் எந்த ஸ்க்ரூவைக் கழற்றினாலும் அதன் அடியில் ஒரு முதலாளியின் சிக்கன உத்தரவு கிடக்கும். ஆகவே இதன் கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர் மட்டும் போதாது, கொஞ்சம் சரித்திரமும் வேண்டும்.

முதலாளி

ஜாக் டிராமியல் 1928-ல் போலந்தின் வூட்ஜ் நகரில் பிறந்தவர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், ‘சார், இந்தக் காலாண்டில் பட்ஜெட் உதைக்கிறது’ என்று பயமுறுத்திப் பிரயோஜனம் இல்லை. அமெரிக்காவுக்கு வந்து ராணுவத்தில் சேர்ந்தார், அங்கே டைப்ரைட்டர் ரிப்பேர் பார்த்தார், வெளியே வந்து நியூயார்க்கின் பிராங்க்ஸில் டைப்ரைட்டர் கடை போட்டார். கடை வளர்ந்து கமோடோர் ஆனது. டைப்ரைட்டருக்குப் பிறகு கால்குலேட்டர்.

கால்குலேட்டர் வியாபாரத்தில்தான் அவருக்கு ஞானம் வந்தது. சிப் சப்ளை செய்துகொண்டிருந்த டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஒரு நாள் தானே கால்குலேட்டர் செய்து கடைக்கு அனுப்பியது. கமோடோர் உதிரிபாகத்துக்குக் கொடுத்த விலையைவிட அந்த முழு கால்குலேட்டரின் விலை குறைவு. டிராமியல் அன்றைக்கு இரண்டு பாடம் கற்றார். ஒன்று, அடுத்தவனிடம் சிப் வாங்காதே. இரண்டு, ஒரு சென்ட் மிச்சம் பிடிக்க முடிந்தால் இரண்டு சென்ட் பிடி. முதல் பாடத்தின்படி 1976-ல் பென்சில்வேனியாவிலிருந்த மாஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியையே வாங்கிப்போட்டார். இரண்டாவது பாடத்தின் பலனைத்தான் 1541-க்குள் பார்க்கப்போகிறோம்.

மாஸ் டெக்னாலஜியோடு சக் பெடிலும் அவர் செய்த 6502 சிப்பும் வந்துசேர்ந்தன. போட்டியாளர்கள் நூற்றுக்கணக்கான டாலர் சொன்ன காலத்தில், 1975-ல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் பெடில் அதை 25 டாலருக்கு விற்றவர். பொருட்காட்சி அரங்குக்குள் விற்கக்கூடாது என்று தடை போட்டார்கள். ஹோட்டல் அறையில் கடை விரித்தார். மேஜையில் பெரிய கண்ணாடி ஜாடி, ஜாடி நிறைய சிப். இவ்வளவு தயாரித்துக் குவித்துவிட்டார்களே என்று வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். மேலாக இருந்தவை வேலை செய்யும் சிப், அடியில் கிடந்தவை எல்லாம் கழித்துக்கட்டியவை. கமோடோர் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள் இந்த ஜாடியைப் பார்த்தே உஷாராகியிருக்க வேண்டும்.

அந்த 6502 தான் 1541-க்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. கூடவே 2 கிலோபைட் ரேம், 16 கிலோபைட் ரோம். அதாவது டிரைவ் என்று பெயரே தவிர, உள்ளே இருப்பது கீபோர்டும் திரையும் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டர். வேகத்திலும் 64-க்கு இளைத்ததில்லை, இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு மெகாஹெர்ட்ஸ். விலையிலும் இளைத்ததில்லை. 64 வந்தபோது 595 டாலர், டிரைவ் சுமார் 400. அடுத்த ஆண்டே விலைப்போர் மூண்டு 64 ஏறக்குறைய 200-க்கு இறங்கியது. டிரைவ் அவ்வளவு இறங்கவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நோய்க்குறி ஒன்று: ஆமை வேகம்

டிரைவ் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே புதிதாக வாங்கியவர்கள் அது கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். வினாடிக்கு சுமார் 400 பைட். 40 கிலோபைட் விளையாட்டு ஒன்று ஏற ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இத்தனைக்கும் டிஸ்க் நிமிடத்துக்கு 300 தரம் சுற்றுகிறது. வெளிவட்ட டிராக் ஒன்றில் 21 செக்டார், செக்டாருக்கு 256 பைட். டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வினாடிக்கு 25 கிலோபைட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் வாசலை எட்டுவது 400 பைட். நடுவில் தின்றது யார்?

கமோடோரின் முதல் கம்ப்யூட்டரான பெட், 1977-ல் வந்தபோது ஐஇஇஇ-488 என்ற இணைப்பை வைத்திருந்தது. ஹியூலெட் பேக்கார்ட்காரர்கள் ஆய்வகக் கருவிகளுக்காகச் செய்த நல்ல இணைப்பு, எட்டு பிட்டும் ஒன்றாகத் தோள்சேர்ந்து போகும். அதற்கான கேபிள் விலை அதிகம். ஜிம் பட்டர்ஃபீல்ட் என்ற கமோடோர் ஆசான் சொன்ன கதைப்படி, கேபிள் செய்துகொடுத்த பெல்டன் கம்பெனியிடம் சரக்கு தீர்ந்துபோனதும் டிராமியலுக்குக் கோபம் தலைக்கேறி, அந்த இணைப்பே வேண்டாம், சல்லிசாக வேறொன்றைச் செய்யுங்கள் என்று உத்தரவு போட்டாராம். முதலாளி கோபத்தில் பிறந்ததுதான் கமோடோர் சீரியல் பஸ். எட்டு பிட்டுகள் தோள்சேர்ந்து போவது போய், ஒற்றை வயரில் ஒன்றன்பின் ஒன்றாக.

ஒற்றை வயரானாலும் வேகமாக அனுப்ப வழி இருந்தது. கம்பெனியின் சொந்த 6522 சிப்பில் பிட்டுகளை வரிசையாகத் தள்ளிவிடும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்ற பகுதி உண்டு. விக்-20 கம்ப்யூட்டருக்கு அதை நம்பித்தான் வேலையை ஆரம்பித்தார் ராபர்ட் ரஸ்ஸல் என்ற எஞ்சினியர். அதில் ஒரு கோளாறு இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. வெளியிலிருந்து வரும் கடிகாரத் துடிப்பு, சிப்பின் சொந்தத் துடிப்புக்கு மிக நெருக்கத்தில் வந்துவிட்டால் ஒரு பிட்டைக் கோட்டைவிட்டுவிடும். சிப் கம்பெனி சொந்தக் கம்பெனி, தொழிற்சாலை சொந்தத் தொழிற்சாலை. ஆனால் சிப்பைத் திருத்தக் காசு, காத்திருக்க நேரம் இரண்டும் முதலாளியின் அகராதியில் இல்லை. சரி, சிப்புக்கு பதில் சாஃப்ட்வேரே ஒவ்வொரு பிட்டாக எண்ணிக் கொடுக்கட்டும் என்று முடிவானது. வேகம் படுத்தது. விக்-20-க்காக வந்த அந்த டிரைவின் பெயர் 1540.

64-க்குப் புது சிப் வந்தது: 6526. அதில் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஒழுங்காக வேலை செய்தது. ரஸ்ஸல் குஷியாகி வேகமான இணைப்புக்கு வயரிங் போட்டார். அவர் பின்னாளில் சொன்னபடி, சர்க்யூட் போர்டைத் தயாரிப்புக்கு அனுப்பும் கட்டத்தில் அந்த இணைப்புக் கோடுகளை யாரோ எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதானே என்று நினைத்தார்களோ என்னவோ. சாமி வரம் கொடுத்தார், பூசாரி கத்தரி எடுத்துவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. 64-ல் படம் வரையும் விக்-டூ சிப், எட்டு கோட்டுக்கு ஒரு தரம் பிராசசரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நினைவகத்தைத் தான் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் 1540 அனுப்பும் பிட்டுகளைப் பிராசசர் தவறவிடும். பழைய டிரைவ் பழைய கம்ப்யூட்டருக்கே இந்த வேகத்தில்தான் கொடுத்தது, அந்த வேகமும் புதிய கம்ப்யூட்டருக்கு அதிகமாகிவிட்டது! என்ன செய்தார்கள்? டிரைவின் ரோமை மாற்றி, இன்னும் மெதுவாக அனுப்பச் சொன்னார்கள். இறுதி எண்ணில் ஒன்றைக் கூட்டி 1541 என்று பெயர் வைத்தார்கள். புதிய மாடல் பழைய மாடலைவிட மெதுவாக ஓடுவதுதான் அதன் முக்கியமான முன்னேற்றம்.

இந்தச் சிக்கனத்திலும் ஒரு தர்மம் இருந்தது. டிரைவுக்குள் பிராசசர் இருந்ததால், வெளியிலிருந்து புரோகிராமை அனுப்பி அதன் 2 கிலோபைட் ரேமில் ஏற்றி ஓட்ட முடிந்தது. கம்பெனி எழுதிய அஞ்சல் முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பிட்டாகச் சேர்த்து அனுப்பும் புது முறையைப் பயனர்களே எழுதினார்கள். 1984-ல் எபிக்ஸ் கம்பெனி விற்ற ஃபாஸ்ட் லோட் கார்ட்ரிட்ஜைச் செருகினால் அதே டிரைவ், அதே கேபிள், சுமார் ஐந்து மடங்கு வேகம். ஐரோப்பாவில் கேசட்டுக்கே டர்போ லோடர்கள் எழுதி, டிரைவின் வேகத்தை எட்டிப்பிடித்து மானத்தை வாங்கினார்கள். ஆகவே உங்கள் 1541 மெதுவாக இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். அது கோளாறு அல்ல, வம்சம்.

நோய்க்குறி இரண்டு: சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது

ஏதோ தப்பு என்றால் முகப்பில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். என்ன தப்பு என்று அது சொல்லாது. கேட்க வேண்டும். கேட்பதற்கு என்ன செய்ய வேண்டும்? புரோகிராம் எழுத வேண்டும். பதினைந்தாம் சேனலைத் திற, அதிலிருந்து நான்கு விவரத்தைப் படி, திரையில் அச்சிடு, சேனலை மூடு. இதை வரி எண் போட்டு எழுதி, ரன் கொடுத்தால்தான் டிரைவ் வாயைத் திறக்கும். படிக்கும் கட்டளையை நேரடியாக அடித்தால் 64 ஏற்றுக்கொள்ளாது. இரவெல்லாம் கண்விழித்து எழுதிய உங்கள் புரோகிராம் நினைவகத்தில் இருக்கும்போது இந்த நாலு வரியை அடித்தால், அதுவும் அதோடு கலந்துகொள்ளும்.

சரி, டிஸ்க்கில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்றாவது பார்ப்போம் என்று பட்டியலைக் கேட்டீர்களோ, முதலுக்கே மோசம். பட்டியலும் பேசிக் மொழியில் எழுதிய ஒரு புரோகிராமாகவே ஏறும். ஏறும்போது ஏற்கெனவே அங்கே இருந்த உங்கள் புரோகிராம் போய்ச் சேர்ந்துவிடும். சேமிக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போனவர்களுக்கு, இடம் இருந்தது, சேமிக்கத்தான் எதுவும் இல்லை.

இதற்கும் காரணம் பர்ஸ்தான். மைக்ரோசாஃப்டிடமிருந்து பேசிக்கை டிராமியல் ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கினார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ராயல்டி என்ற பேச்சே இல்லை. பில் கேட்ஸை அப்படி ஒப்பந்தத்தில் மடக்கியவர்கள் அபூர்வம். பின்னால் வந்த பெட் மாடல்களில் டிஸ்க்குக்கென்றே கட்டளைகள் வைத்த பேசிக் 4.0 இருந்தது. அதை 64-ல் வைக்கக் கூடுதல் ரோம் வேண்டும். கூடுதல் ரோம் என்றால் கூடுதல் காசு. எனவே பழைய இரண்டாம் பதிப்பே போதும் என்று விட்டார்கள். ஒரு டிரைவோடு இன்னொரு டிரைவையும் மாட்ட ஆசைப்பட்டால் இன்னும் விசேஷம். டிரைவின் எண் 8. அதை நிரந்தரமாக 9 ஆக்க சுவிட்ச் கிடையாது. பெட்டியைத் திறந்து, சர்க்யூட் போர்டில் ஒரு செம்புக் கோட்டைக் கத்தியால் அறுக்க வேண்டும். சுவிட்சின் விலை மிச்சம்.

நோய்க்குறி மூன்று: டர்ர்ர்ர்ர்

இப்போது தலையாய கோளாறுக்கு வருவோம். தலையாய என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், விஷயம் ஹெட்டைப் பற்றியது.

டிஸ்க்கில் 35 டிராக். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அரை மில்லிமீட்டர் தூரம். ஹெட்டை முன்னும் பின்னும் நகர்த்துவது ஒரு ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சொடுக்குக்கு அரை டிராக் நகரும். எத்தனை சொடுக்கு கொடுத்தோம் என்பதை வைத்துத்தான் ஹெட் எங்கே நிற்கிறது என்று டிரைவுக்குத் தெரியும். கணக்குத் தவறினால்? நல்ல டிரைவ்களில் வெளி ஓரத்தில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். ஹெட் அங்கே வந்ததும் ‘வந்துவிட்டாய், நில்’ என்று சொல்லும். 1541-ல் அந்த சென்சார் இல்லை. ஏன் இல்லை என்று இந்நேரம் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

சென்சார் இல்லாத டிரைவ் தன் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். எங்கே இருந்தாலும் சரி, வெளிப்பக்கமாக 45 டிராக் தூரம் போ என்று மோட்டாருக்கு உத்தரவிடும். இருப்பதே 35. நடுவில் 18-ஆம் டிராக்கில் ஹெட் இருந்தால், 17 டிராக் ஒழுங்காக நகர்ந்து ஓரத்து முட்டுக்கட்டையில் இடிக்கும். மிச்சமுள்ள சொடுக்குக்கெல்லாம் அங்கேயே நின்று இடித்துக்கொண்டே இருக்கும். டர்ர்ர்ர்ர் என்று மேஜையே அதிரும். எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் பிள்ளையாருக்கு முன்னால் நின்று தலையில் குட்டிக்கொள்கிறோமே, அப்படித்தான் புது டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதெல்லாம் இது குட்டிக்கொண்டது. படிப்பதில் பிழை வந்தாலும் குட்டு. நாம் மூன்று குட்டோடு நிறுத்திக்கொள்வோம், 1541 சொன்ன கணக்கு முடியாமல் நிறுத்தாது.

நியாயமாகச் சொன்னால், இந்தப் பழக்கம் கமோடோருக்கு மட்டும் சொந்தமல்ல. 1978-ல் வந்த ஆப்பிளின் டிஸ்க் டூ டிரைவும் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் கடகடவென்று இடித்துக்கொள்ளும். ஸ்டீவ் வோஸ்னியாக்கும் அந்த சென்சாரைத் தூக்கி எறிந்தவர்தான். மேதை எடுத்தால் எளிமை, முதலாளி எடுத்தால் கஞ்சத்தனம் என்று உலகம் பேசும். ஆனால் 1541-க்கு வேறொரு வினையும் இருந்தது. ஆரம்ப கால மாடல்களில் ஸ்டெப்பர் மோட்டாரின் அச்சில் உள்ள புல்லியை வெறுமனே அழுத்திச் செருகியிருந்தார்கள். ஸ்க்ரூவும் இல்லை, ஆணியும் இல்லை. பெட்டிக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மரும் வோல்டேஜ் ரெகுலேட்டர்களும் இருந்ததால் சூடு வேறு. சூட்டில் தளர்ந்த புல்லி, ஒவ்வொரு குட்டுக்கும் ஒரு மயிரிழை வழுக்கியது. மயிரிழை, மயிரிழையாகச் சேர்ந்து ஹெட் டிராக்கின் நடுவை விட்டு விலகியது. பிழை வந்தது. பிழை வந்ததும் டிரைவ் என்ன செய்யும்? இடத்தைச் சரிபார்க்க இன்னும் குட்டிக்கொள்ளும். குட்டக் குட்ட இன்னும் வழுக்கும். தன் வியாதிக்குத் தானே மருந்து என்று விஷத்தைக் குடித்துக்கொண்டே இருந்த டிரைவ் இது.

கள்ளக் காப்பியின் கருணை

இந்த நேரத்தில் விளையாட்டு விற்ற கம்பெனிகள் களத்தில் இறங்கின. டிஸ்க்கை ஊரார் காப்பி அடிப்பதைத் தடுக்க ஒரு யோசனை செய்தார்கள். விற்கும் டிஸ்க்கிலேயே வேண்டுமென்று சில செக்டார்களைக் கெடுத்து வைத்தார்கள். சாதாரணமாகக் காப்பி எடுத்தால் கெட்ட செக்டார் காப்பியில் வராது. விளையாட்டு தொடங்குமுன் போய் அந்த இடத்தைப் படிக்கும். பிழை வந்தால் இது அசல் டிஸ்க், பிழை வராவிட்டால் திருட்டு டிஸ்க். ஒழுங்காக இருப்பதே குற்றம் என்ற நீதி கணினி உலகத்தில் அன்றைக்கு அமலுக்கு வந்தது.

பிழை வந்தால் 1541 என்ன செய்யும் என்பதுதான் நமக்குத் தெரியுமே. முழுக் காசு கொடுத்து, ரசீது வாங்கி, அசல் டிஸ்க்கைக் கொண்டுவந்து போட்ட யோக்கியரின் டிரைவ், ஒவ்வொரு முறை விளையாடும்போதும் டர்ர்ர்ர்ர் என்று தலையை இடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பின்பெஞ்சில் பூட்டு உடைத்த காப்பியை வாங்கியவனின் டிரைவ் சத்தமில்லாமல் ஓடியது, ஏனென்றால் பூட்டை உடைத்தவர்கள் அந்தச் சோதனையையும் பிடுங்கி எறிந்திருந்தார்கள். டிரைவின் ஆயுளுக்காகவே, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கும் உடைத்த காப்பியைத் தேடிப் பிடித்து ஓட்டியவர்கள் இருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வைத்தியம்

இனி ரிப்பேர். முதலில் பச்சை விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் ஃபியூஸ். எரிகிறது, ஆனால் சிவப்பும் அணையாமல் எரிந்து மோட்டார் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதென்றால் உள்ளே இருக்கும் அந்த இன்னொரு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. ரோம், பிராசசர், 6522 என்று ஒவ்வொரு சிப்பாகச் சந்தேகப்பட வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கிச் செருகும் அவசரக்காரர் வீட்டு டிரைவ் என்றால், அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமும் உண்டு.

எழுந்திருக்கிறது, ஆனால் படிக்கவில்லையா? ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஹெட்டைத் துடையுங்கள். நாற்பது ஆண்டுப் பழைய டிஸ்க்குகள் தங்கள் பழுப்புப் பூச்சை ஹெட்டில் அப்பிவிட்டுத்தான் போகும். பாதிக் கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து வேகம். டிரைவைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் பெல்ட் ஓடும் பெரிய சக்கரம் தெரியும். அதன்மேல் வட்டமாகக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இரண்டு வரிசை. ஒன்று 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊருக்கு, மற்றது 50 ஹெர்ட்ஸ் ஊருக்கு. சோக் கட்டை வைத்த பழைய ட்யூப்லைட் வெளிச்சத்தில் டிரைவை ஓடவிட்டு உங்கள் ஊருக்கான வரிசையைப் பாருங்கள். வேகம் சரியாக 300 என்றால் சுற்றுகிற சக்கரத்தில் கோடுகள் மட்டும் அசையாமல் நிற்கும். முன்னால் ஊர்ந்தால் வேகம் அதிகம், பின்னால் ஊர்ந்தால் குறைவு. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போர்டிலுள்ள சின்னத் திருகைக் கொஞ்சம் திருகினால் கோடுகள் நின்றுவிடும். முழு டிரைவிலும் யாரோ பெருந்தன்மையோடு செய்து வைத்த ஏற்பாடு இது ஒன்றுதான். மை மட்டும்தான் செலவு என்பதால் தப்பியிருக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஹெட் விலகியிருக்கிறது. அதை உறுதிசெய்ய மீட்டர் எதுவும் வேண்டாம். இந்த டிரைவிலேயே எழுதிய டிஸ்க் படிக்கிறது, கடையில் வாங்கிய டிஸ்க் படிக்கவில்லை என்றால் இதேதான் நோய். தான் எழுதியது தனக்கு மட்டுமே புரியும் நிலை. எழுத்தாளர்களுக்கும் இது வருவதுண்டு.

வழுக்கிய புல்லியை முதலில் பசை வைத்தோ, துளை போட்டு ஆணி அடித்தோ அச்சோடு நிறுத்த வேண்டும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் இரண்டையும் செய்தார்கள். பிறகு ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கழற்றிவிடாதீர்கள். தொழிற்சாலையில் பதிவான அசல் டிஸ்க் ஒன்றைப் போட்டு, டிராக்குகளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பிழை எண்ணும் புரோகிராமை ஓடவிட்டு, மோட்டாரை மெல்லத் திருப்புங்கள். எண்கள் குறையும். இன்னும் கொஞ்சம். குறையும். பூஜ்யம்! சந்தோஷத்தோடு ஸ்க்ரூவை இறுக்குங்கள். இறுக்கும்போது மோட்டார் ஒரு நூலளவு கூடவே திரும்பும், பிழை எண்ணிக்கை பழையபடி ஏறும். மறுபடியும் தளர்த்து, இறுக்கினால் எவ்வளவு திரும்பும் என்று மனத்தில் கணக்கிட்டு அந்த அளவுக்கு முன்னதாகவே நிறுத்து, இறுக்கு. அன்றைய அமெரிக்க ரிப்பேர் கடைக்காரர்களுக்கு இதிலேயே சாப்பாடு ஓடியது.

கம்பெனியும் ஒருவழியாகத் திருந்தியது. 1986-ல் சத்தம் குறைந்த 1541சி வந்தது. 1988-ல் வந்த 1541-டூ மாடலில் பவர் சப்ளையைப் பெட்டிக்கு வெளியே தூக்கி வைத்தார்கள், சூடு தணிந்தது. ஆனால் சிக்கனத்துக்குப் பெயர்போன டிராமியல் 1984 ஜனவரியிலேயே ராஜினாமா செய்துவிட்டு, அதே ஆண்டு அடாரியின் வீட்டுக் கம்ப்யூட்டர் பிரிவை வாங்கிக்கொண்டு எதிரிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். கமோடோர் 1994-ல் திவாலானது.

கோணலுக்கு ஒரு மரியாதை

இவ்வளவு பாடுபட்டு ஹெட்டை நேராக்கிய பிறகு ஒரு சங்கதி தெரியவரும். கடை டிஸ்க் எல்லாம் கம்பீரமாகப் படிக்கும். ஹெட் விலகியிருந்த ஆண்டுகளில் இதே டிரைவில் எழுதிய டிஸ்க்குகள் ஒன்றுகூடப் படிக்காது. பள்ளிக் கட்டுரை, காதல் கடிதம், அரைகுறையாக நின்ற விளையாட்டுப் புரோகிராம் எல்லாமே டிராக்கின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் எழுதப்பட்டவை. எழுதியபோது ஹெட் எவ்வளவு கோணலாக இருந்ததோ, அவ்வளவு கோணலான ஹெட்டுக்குத்தான் அவை பிடிபடும். டிரைவ் குணமானதும் ஞாபகம் போய்விட்டது.

அதனால் பழைய டிஸ்க்குகளைக் காப்பாற்றி இன்றைய கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொடுப்பவர்கள் வைத்திருக்கும் முறை இது. நேரான டிரைவ் ஒன்று. அதற்குப் பக்கத்தில், மோட்டாரின் ஸ்க்ரூவைத் தளர்த்தியே வைத்த இன்னொரு டிரைவ். படிக்க மறுக்கும் டிஸ்க் வந்தால் இரண்டாவதில் போட்டு, மோட்டாரை இப்படியும் அப்படியும் நகர்த்தி, டிஸ்க்கின் கோணலுக்கு ஹெட்டைக் கோணலாக்குகிறார்கள். செக்டார் ஒவ்வொன்றாக வந்து விழுகிறது. ஒரு டிஸ்க்கில் 683 செக்டார். முடிந்ததும் அடுத்த டிஸ்க், அதற்கு வேறு கோணல். ஆகவே உங்கள் 1541-ஐ நேராக்குமுன் பரணிலுள்ள டிஸ்க் பெட்டியை இறக்கி, கோணல் ஹெட் இருக்கும்போதே எல்லாவற்றையும் படித்துப் பத்திரப்படுத்திவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் எடுக்கலாம்.